சட்டமா, பறவையா: ஏன் ஒன்றை விட வேண்டும்?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மகள் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள். பெரியப்பாவோ ஐந்தாண்டுச் சட்டப் படிப்புதான் கௌரவம் என்கிறார். தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக மனையை அடமானம் வைக்கப் போகிறீர்கள். வைக்காதீர்கள்.

பறவை பார்ப்பது வக்கீலுக்கு ஆகாத பொழுதுபோக்கு என்கிறாராமே? டெயின்ஸ் பாரிங்டனைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். லண்டனில் 1750இல் வழக்கறிஞரானவர், 1757இல் வேல்ஸில் நீதிபதி. இங்கிலாந்தின் பழைய சட்டங்களை ஆராய்ந்து 1766இல் நூல் எழுதினார். அதே மனிதர்தான் லின்னெட் குருவிக் குஞ்சுகளை வானம்பாடி முதலான வேறு பறவைகளோடு வளர்த்துப் பார்த்தார். குஞ்சுகள் தம் இனத்தின் பாட்டை விட்டுவிட்டு, கூட இருந்த பறவையின் பாட்டையே பாடின. பாட்டு பிறவியிலேயே வருவதல்ல, கேட்டுக் கற்பது என்று 1773இல் எழுதினார். 1765இல், பின்னாளில் இசைமேதையான சிறுவன் மொசார்ட்டைச் சோதித்தபோதும் அப்படித்தான்: வயதைக் குறைத்துச் சொல்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, சால்ஸ்பர்க்கிலிருந்து பிறப்புப் பதிவையே வரவழைத்துப் பார்த்தார். சாட்சியத்தைத் துருவும் அந்தப் பழக்கம்தான் நீதிமன்றத்திலும் குருவிக் கூண்டின் முன்னும் அவருக்குக் கைகொடுத்தது.

ஆனால் அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. வருமானத்தைப் பற்றி யோசிக்காமல் ஆசைப்பட்டதையெல்லாம் செய்ய முடிந்தது. நமக்கு முடியாது. அதனால்தான் செலவில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி ஒன்று இருக்கிறது. முதலில் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், பிறகு அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. மொத்தம் ஆறு வருடம். பெரியப்பா சொல்வதைவிட ஒரு வருடம்தான் கூடுதல். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சதுப்பு நிலம், ஏரி, கழிவுநீர் வழக்குகள் அங்கே வருகின்றன. ஒரு திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் பறவைப் பட்டியல் இருக்கும். கணக்கெடுப்பைக் கோடையில் மட்டும் நடத்தியிருந்தால், குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் அதில் விடுபட்டிருக்கும். களத்தில் நின்று பார்த்த வக்கீலுக்குத்தான் அது உடனே கண்ணில் படும், வாதத்தில் கேட்கவும் தோன்றும். பட்டம் முடிக்கும்போது அவளுக்குச் சட்டமே வேண்டாமென்று தோன்றினால், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிரியல் முதுநிலை படிக்கலாம். ஐந்தாண்டுச் சட்டத்தில் சேர்ந்தபின் அப்படித் திரும்புவது கடினம்.

இன்னொன்று. காற்று, மழை, பூ, பறவை என்று நாள்தோறும் குறிக்க, கட்டம் போட்ட நாட்குறிப்பு ஒன்றை பாரிங்டன் வடிவமைத்தார். இங்கிலாந்தின் இயற்கையியலாளர் கில்பர்ட் வைட் பல ஆண்டுகள் அதில்தான் எழுதினார். உங்கள் மகளின் நோட்டைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். தேதி, இடம், நேரம் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பத்தையும் அவளே நிரப்பட்டும்.