லோசேர் மலைப்பாதை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பாரிஸ் புறநகரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் நானும் இரண்டு நண்பர்களும் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோந்தேன்புளோ காட்டில் மணலிலும் மரவேர்களிலும் விழுந்து எழுந்து ஓரளவு பழகிவிட்டோம். அவல்லோன் ஊரில் தொடங்கி, மாசிஃப் சாந்த்ரால் மலைகளைக் குறுக்கே கடந்து, மத்தியதரைக் கடலோரம் காப் தாக்த் வரை போகிற ஜே.டே.எம்.சே. பாதையை ஆகஸ்ட் மாதம் இரண்டு வாரத்தில் முடித்துவிட ஆசை. சுமார் 1,400 கிலோமீட்டர் என்கிறார்கள். முடியுமா? முடியாதென்றால் எந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்?

இன்னொன்று, கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சேறு அப்பிய உடையோடு மூன்று கறுத்த ஆட்கள் ஒரு சின்னக் கிராமத்துக்குள் நுழைந்தால் எப்படிப் பார்ப்பார்கள்?

ர.

அன்புள்ள ர.,

முதலில் கணக்கு. 1,400-ஐப் பதினான்கு நாளுக்குப் பங்கிட்டால் தினம் 100 கிலோமீட்டர். தார்ச்சாலையில் அது நடக்கும். கல்லும் சேறுமான மண்பாதையில், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இறங்கி ஏறி 50 கிலோமீட்டர் ஓட்டியவன் இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிவிடுவான். முழுப் பாதையை ஓய்வு பெற்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, தெற்குப் பிரான்சின் லோசேர் மலை மாவட்டம். கிளேர்மோன் ஃபெரானிலிருந்து நீம் போகிற மலை ரயிலில் லா பஸ்தீதில் இறங்குங்கள். அங்கிருந்து லெ பிளேமார், லோசேர் மலைமுகடு, லெ போன் த மோன்வேர், ஃபுளோராக், கோஸ் மேஜான் பீடபூமி, மேருயெஸ், கடைசியில் மியோ. மியோவில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆறு நாள் தாராளம். கால்களில் தெம்பு மிச்சமிருந்தால் மேருயெஸிலிருந்து எகுவால் சிகரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். 1,560 மீட்டருக்கு மேல் உயரம், பெரும்பாலும் மூடுபனி. காட்சி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மேட்டை எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். கியர் இருக்கிறது, முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் சிரிக்கப்போவதில்லை. உங்களால் சமாளிக்க முடியாதது அந்த ஊர்க்காரர்களின் நேரம். லோசேர் மாவட்டம் முழுவதிலும் சுமார் 76,000 பேர்தான். பிரான்சிலேயே மிகக் குறைவு. ரொட்டிக் கடை இருக்கிற கிராமமே குறைவு. இருக்கிற கடையும் நண்பகலைத் தாண்டியதும் சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். உணவகத்தில் இரண்டு மணிக்கு மேல் கேட்டால் காப்பி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. திங்கட்கிழமை இன்னும் மோசம், பாதிக் கடைகள் திறக்கவே மாட்டார்கள். ஆகவே தூரத்தைப் பார்த்து நாளைப் பிரிக்காதீர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்த ஊரில் நிற்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பக் காலையில் கிளம்புங்கள்.

தண்ணீருக்குப் பிரெஞ்சுச் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு: ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் த மோன்வேரைத் தாண்டிச் செவென் மலைகளுக்குள் போகப்போக இந்த வழியை நம்பியிருக்க முடியாது. அது புரொட்டஸ்டன்ட் பூமி. 1685-இல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டுரிமையைப் பறித்தபின் கத்தோலிக்க இடுகாட்டில் அவர்களுக்கு இடமில்லை. செத்தவர்களைச் சொந்த நிலத்திலேயே, வீட்டை ஒட்டிப் புதைத்தார்கள். அந்த வழக்கம் பின்னும் நீடித்தது. வழியோரத் தோட்டங்களில் சைப்ரஸ் மரத்தடியில் இரண்டு மூன்று கற்களைப் பார்ப்பீர்கள். அங்கே குழாய் ஏது? 1702 ஜூலையில் கமிசார் கலகம், அதாவது இந்தப் புரொட்டஸ்டன்ட்களின் எழுச்சி, வெடித்ததும் போன் த மோன்வேரில்தான், ஒரு பாதிரியாரின் கொலையில்.

கோஸ் மேஜானில் தண்ணீர் இன்னும் கஷ்டம். முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையெல்லாம் உள்ளே இறங்கி, நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே தார்ன், ஜோந்த் பள்ளத்தாக்குகளில் ஊற்றாக வெளியே வரும். மேலே ஓடை கிடையாது. ஆடுகளுக்காகக் கல் பாவிய வட்டக் குட்டைகள் இருக்கின்றன, லவோஞ் என்பார்கள். பார்க்க அழகு, குடித்தால் ஆபத்து. ஃபுளோராக்கிலேயே ஆளுக்கு மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். அந்தச் சுண்ணாம்புக்கல் டயரின் பக்கவாட்டைக் கத்திபோல் கீறும். டயருக்குள் ஊற்றும் பசை முள் குத்திய ஓட்டையை அடைக்கும், இதை அடைக்காது. ஒட்டுப்போடத் தடித்த துண்டும் ஒரு ட்யூபும் பையில் இருக்கட்டும்.

பிளேமாருக்கு மேலே நீங்கள் ஏறப்போகும் பாதை திராய், அதாவது ஆட்டு மந்தைகளைக் கோடைக்கு மலைமேல் ஓட்டிச்செல்லும் பழைய தடம். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கியதும் ஆள் உயரக் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும். பனியிலும் மூடுபனியிலும் ஒரு தூணிலிருந்து அடுத்ததைக் கண்டுபிடித்து நடப்பதற்காக நட்டவை. அது போதாதென்று மலையடிவாரத்தில் ஊல்தே, சேர்வியேஸ் போன்ற சில குக்கிராமங்களில் தேவாலயமே இல்லாமல் மணிக்கூண்டு மட்டும் கட்டியிருக்கிறார்கள். பனிப்புயல் வந்தால் யாராவது மணியடித்துக்கொண்டே இருப்பார்களாம், வழி தவறியவன் ஓசை வரும் திசையில் நடந்து வீடு சேர. கட்டைக்குட்டையான கல்கூண்டு, மேலே ஒரே ஒரு மணி. வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். முகட்டில் ஃபினியெல் சிகரம் 1,699 மீட்டர்; அங்கிருந்து போன் த மோன்வேர் வரை 800 மீட்டர் இறக்கம், நடுநடுவே கருங்கல் படிகள். நடப்பவர்கள் எதிரே வருவார்கள். அவர்களுக்குத்தான் முதல் உரிமை. சிவப்பும் வெள்ளையுமான கோடுகள் அவர்களுடைய அடையாளம். முக்கோணமும் இரு வட்டங்களும் மலைச் சைக்கிளுக்கு. நிறம் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும். நீங்கள் சிவப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் வேண்டாம். வெயில், கூட்டம், படுக்கை கிடைக்காது. நவம்பர் விடுமுறைக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். இலையுதிர்காலத்தில் செவென் மலைகளில் ஒரே நாளில் மாதக்கணக்கு மழை கொட்டும். தவிர, செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம். காட்டுப்பன்றியைச் சுற்றி வளைத்துத் துரத்துகிற நாளில் பாதையோரம் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள், பார்த்தால் திரும்பிவிடுங்கள். 2018 அக்டோபரில் ஆல்ப்ஸ் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டிய பிரிட்டன்காரர் ஒருவர் வேட்டைக்காரரின் குண்டு பட்டு இறந்தார். ஜூன் கடைசியில் போங்கள். பள்ளி விடுமுறை தொடங்கியிருக்காது, லோசேர் மலை மஞ்சள் பூவாக இருக்கும்.

ஜூனில் மந்தைகளும் மேலே ஏறியிருக்கும், சில மந்தைகளோடு பத்தூ என்கிற பெரிய வெள்ளைக் காவல் நாயும். நம் ஊரில் குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை செய்தாலே நாய் ஓடிவிடும். பத்தூவிடம் அதைச் செய்யாதீர்கள். அது ஓநாயை எதிர்க்கப் பழகியது. சைக்கிளிலிருந்து இறங்குங்கள், உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள், மந்தையைத் தூரமாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடங்கள். மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே மின்கம்பி இருந்தால் பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்துக் கழற்றி, கடந்ததும் அதே கொக்கியில் திரும்ப மாட்டுங்கள். மறந்து போனால் மாலைக்குள் அந்தக் கிராமம் முழுவதும் உங்களைத் தெரிந்துவைத்திருக்கும்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். பார்ப்பார்கள். கறுப்போ வெள்ளையோ, வெளியாள் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கிற ஊர்கள் அவை. வெறுப்போடு பார்ப்பவன் ஒருவனும் இருக்கமாட்டான் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது, நீங்களும் இருபது ஆண்டுகளாக அந்த நாட்டில்தான் இருக்கிறீர்கள். ஆனால் அங்கே வழக்கமாக முகம் சுளிக்க வைப்பது வேறு: கடைக்குள் நுழைந்ததும் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்பது. பாரிஸ்காரர்கள் மேல் அவர்களுக்குள்ள பெரிய குறையே அதுதான். கடையில் நிற்கும் எல்லோருக்குமாக உரக்க ஒரு பொன்ஜூர் சொல்லுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எந்தப் பாதை என்று விசாரணை தொடங்கிவிடும். விசாரிக்கிறவரிடம் பாதை நிலவரத்தையும் கேளுங்கள். மரம் விழுந்து கிடப்பது எந்தச் செயலிக்கும் தெரியாது.

தங்குவதற்குக் கூடாரம் சுமக்காதீர்கள். வழிப்போக்கர் விடுதிகளில் இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு எல்லாம் ஒரே விலைக்குக் கிடைக்கும். ஒரே நீள மேசை. உருளைக்கிழங்கும் புதுப் பாலாடைக்கட்டியும் சேர்த்து நூல்நூலாக இழுத்துக் கிண்டிய அலிகோவை வைத்துவிட்டு, கூடவே பன்றிக் கொத்திறைச்சித் தொத்திறைச்சியும் வைப்பார்கள். உங்களில் யாராவது சாப்பிடமாட்டார் என்றால் முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

ரயில் மட்டும் பாக்கி. பாரிஸிலிருந்து கிளேர்மோன் போகிற இன்டர்சிட்டே என்கிற நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்யவேண்டும். ஒரே வண்டியில் மூன்று இடம் கிடைப்பது எளிதல்ல. விடுதியைவிட முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.