அவனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கேள்வி: இந்த ஆண்டு எங்களுக்கு கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஈடிப்பஸ் நாடகம் பாடம். தகப்பனைக் கொல்வான், தாயை மணப்பான் என்று முன்பே குறி சொல்லியாகிவிட்டது. 'ஊழிற் பெருவலி யாவுள' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே? அதோடு, ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையையே அவிழ்த்த புத்திசாலிக்கு, இத்தனை துப்புக் கிடைத்தும் உண்மை உறைக்காதா? படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது.
- முதலாண்டு மாணவி, மதுரை

பதில்: உங்களுக்கு எரிச்சல் வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கும் கதை முழுக்கத் தெரியும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நகைச்சுவை நாடகம் எழுதிய அன்டிஃபனீஸ் இதைச் சொல்லியே பொருமியிருக்கிறார்: துன்பியல் எழுதுகிறவர்களுக்கு என்ன கவலை, ஈடிப்பஸ் என்று பெயரைச் சொன்னால் போதும், மீதியெல்லாம் கூட்டத்துக்கே தெரியும், நாங்கள்தான் ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று. தெரிந்தவர்கள் சரிவில் மேலே உட்கார்ந்திருக்க, தெரியாத ஒருவன் கீழே நின்று பேசுகிறான். உங்கள் பாடக்குறிப்பில் நாடக முரண் என்று இருப்பது இதுதான்.

சாபக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். பழைய அரசன் லேயஸைக் கொன்றவன் ஊருக்குள்ளேயே இருப்பதுதான் காரணம் என்று டெல்ஃபியில் உள்ள அப்பல்லோ தெய்வத்தின் கோயிலிலிருந்து வாக்கு வருகிறது. இப்போது அரசனாக இருக்கும் ஈடிப்பஸ் அந்தக் கொலைகாரனைச் சபிக்கிறான். அப்புறம், 'என்னைப் பெற்ற தகப்பனுக்காகப் போராடுவதுபோல் லேயஸுக்காகப் போராடுவேன்' என்கிறான். அவன் உவமை சொல்கிறான். லேயஸ்தான் அவனைப் பெற்றவன் என்று தெரிந்த, மேலே இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, ஏன் உறைக்கவில்லை? தன் தகப்பன் யார் என்று தனக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். கொரிந்து அரசன் பொலிபஸ்தான் அப்பா. குருட்டு ஞானி டைரீசியஸ் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார், ஆனால் சண்டை முற்றிய வேகத்தில். சண்டையில் வந்து விழுந்த வார்த்தையை யார் நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள்? மைத்துனன் கிரியோனின் சதி என்று முடிவு கட்டிவிடுகிறான்.

அவனைச் சமாதானப்படுத்த ஜொகாஸ்டா வருகிறாள், முன்பு லேயஸின் மனைவி, இப்போது ஈடிப்பஸின் மனைவி. குறியெல்லாம் பலிக்காது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறாள்: லேயஸ் பெற்ற பிள்ளையின் கையால் சாவான் என்றார்கள், அந்தக் குழந்தையைக் கணுக்காலைப் பிணைத்து மலையில் எறிந்தாயிற்று, லேயஸைக் கொன்றதோ மூன்று சாலை கூடும் இடத்தில் யாரோ கொள்ளையர்கள். ஈடிப்பஸ் என்ற பெயருக்கே வீங்கிய கால் என்று பொருள். ஆனாலும் கணுக்கால் அவன் காதில் விழவில்லை. மூன்று சாலைதான் விழுகிறது, அப்படியோர் இடத்தில் அவன் ஒரு கிழவரை அடித்துக் கொன்றிருப்பதால். ஆள் எப்படி இருந்தார், கூட எத்தனை பேர் என்று துருவுகிறான். கடைசியில் அவனுக்கு மிஞ்சுவது ஒரே நம்பிக்கை: கொன்றது கொள்ளையர்'கள்' என்றல்லவா சொன்னார்கள், ஒருவன் பலராக முடியாதே! ஒரு விகுதியைப் பிடித்துத் தொங்குகிறான் பாவம். இதை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமெல்லாம் செய்வதும் இதுதான்.

இப்போது ஊழுக்கு வருகிறேன். நீங்கள் பாதியில் விட்ட குறளின் மீதி, 'மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்'. குறிக்குப் பயந்து கொரிந்தை விட்டு ஓடியவன் வழியிலேயே பெற்ற தகப்பன்மேல் போய் மோதினானே, அதற்கு இது அச்சாகப் பொருந்தும். ஆனால் அதெல்லாம் நாடகம் தொடங்குமுன்பே நடந்து முடிந்த கதை. மேடையில் நாம் பார்க்கும் அந்த ஒரு நாளில் எந்தத் தெய்வமும் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. டைரீசியஸை அழைப்பது அவன். அந்தக் குழந்தையை மலைக்குக் கொண்டுபோன இடையனைக் கூட்டிவரச் சொல்வதும் அவன். சொல்லவே பயங்கரமான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று இடையன் நடுங்கும்போது, கேட்க எனக்கும் அப்படித்தான், ஆனாலும் கேட்டாக வேண்டும் என்கிறான். உண்மை தெரிந்து தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட பிறகும் கணக்கைச் சரியாகப் பிரிக்கிறான்: இந்தத் துன்பமெல்லாம் அப்பல்லோ கொடுத்தது, குத்திய கை என்னுடையது. உங்கள் ஒரு வரியில் இது அடங்காது.

அடுத்த முறை படிக்கும்போது ஈடிப்பஸை விட்டுவிட்டு ஜொகாஸ்டாவைக் கவனியுங்கள். பொலிபஸ் இறந்துவிட்டார் என்ற சேதியோடு கொரிந்திலிருந்து ஒருவன் வருகிறானே, அந்த இடம். ஈடிப்பஸின் பயத்தைப் போக்கும் நல்ல எண்ணத்தில்தான் அவன் பேச்சை எடுக்கிறான்: பொலிபஸும் அவர் மனைவியும் உன்னைப் பெற்றவர்களே இல்லை, கித்தேரன் மலையில் லேயஸின் இடையன் உன்னை என் கையில் கொடுத்தான், துளைத்திருந்த உன் கணுக்கால்களை அவிழ்த்துவிட்டதே நான்தான். இதெல்லாம் நடக்கும்போது அவளும் மேடையில்தான் நிற்கிறாள். அறுபது வரிக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கிரேக்க நடிகர்கள் முகமூடி அணிந்து நடித்தார்கள். முகம் மாறுவதைக் காட்டவே வழியில்லை. அவளுடைய கடைசி வரியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, 'அந்த இடையன் யார், உனக்குத் தெரியுமா?' என்று ஈடிப்பஸ் அவள் பக்கம் திரும்பும்வரை மெதுவாகப் படித்துப் பாருங்கள்.