மோதியும் உடையாத புரோட்டான்

கேள்வி: விளிம்பு விளைவு என்றால் ஒளி ஓரத்தில் வளைவது என்றுதான் படித்தேன். புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி.யிலும் அதை ஆராய்கிறார்களாமே, அங்கே ஏது விளிம்பு?
– பி.எஸ்சி. மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் லேபிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி (அப்போது இருந்தது) சிவப்பு லேசருக்கு முன்னால் ஒட்டிவைப்பேன். இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் முடியின் நிழல் விழாது. நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி, இரு பக்கமும் வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி வரும். நடுவிலிருந்து முதல் இருட்டு 2 செ.மீ. தள்ளி இருந்தால் முடியின் பருமன் 65 மைக்ரான். ஸ்க்ரூகேஜ் வேண்டாம், சுவரும் ஸ்கேலும் போதும்.

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. என்ற துகள் மோதுவியிலும் இதே கணக்குதான். முடி இருந்த இடத்தில் ஒரு புரோட்டான், லேசர் இருந்த இடத்தில் இன்னொரு புரோட்டான். 6.5 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் ஓடும் புரோட்டானும் ஓர் அலை, அலைநீளம் 0.0002 ஃபெம்டோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மி.மீ.யில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இரண்டு புரோட்டான்கள் உரசி, உடையாமல் விலகிப் போகும் கோணங்களை எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ 105 மைக்ரோரேடியனில் (ரேடியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோரேடியன்) எண்ணிக்கை சட்டென்று பள்ளமாக விழுகிறது. சுவரில் பார்த்த முதல் இருட்டு இதுதான். வட்டத் தட்டுக்கான சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், ஆரம் ஒரு ஃபெம்டோமீட்டருக்குச் சற்று மேலே வரும். புரோட்டான் கறாரான கறுப்புத் தட்டு இல்லை, ஓரம் மங்கலானது. அதனால் இது தோராயக் கணக்குதான்.

இதைச் செய்தவர்கள் எல்.எச்.சி.யின் டோட்டம் (TOTEM) ஆய்வுக் குழுவினர். இரு பக்கமும் 6.5 வீதம் 13 டெரா எலக்ட்ரான்வோல்ட் மோதலில் அவர்கள் அளந்த மொத்தக் குறுக்குவெட்டு, அதாவது மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு, 110.6 மில்லிபார்ன் (மில்லிபார்ன் அந்தப் பரப்புக்கான அலகு), அதில் 31 மில்லிபார்ன் புரோட்டான் உடையாத மீட்சி மோதல். அதாவது கால்வாசிக்கு மேல் இரண்டு புரோட்டானும் முழுசாகவே வெளியேறுகின்றன. செய்தித்தாள்களில் வாணவேடிக்கை மாதிரி சிதறும் படத்தைத்தான் போடுகிறார்கள். இந்தச் சாதுவான மோதலுக்கு யாரும் படம் போடுவதில்லை என்பது எனக்குப் பழைய வருத்தம். 1970களில் செர்னின் பழைய ஐ.எஸ்.ஆர். மோதுவியில் இதே மொத்தக் குறுக்குவெட்டு 40 மில்லிபார்ன் அளவில்தான் இருந்தது. ஆற்றல் ஏற ஏறப் புரோட்டான் பருக்கிறது, கறுக்கவும் செய்கிறது, அதாவது எதிரே வருவதை ஊடுருவ விடாமல் மறிக்கிறது.

கேள்வி: சரி, அவ்வளவு சின்னக் கோணத்தில் போகும் புரோட்டானை எப்படிப் பிடிக்கிறார்கள்? கற்றைக்குள்ளேயே அல்லவா போய்விடும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போய்விடும்தான். ஒரு மைக்ரோரேடியன் என்றால் ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரே ஒரு மி.மீ. விலகல். ஆகவே மோதும் இடத்திலிருந்து சுமார் 220 மீட்டர் தள்ளி, சுரங்கத்துக்குள் ஓடும் கற்றைக்குழாயிலேயே உணர்விகளை வைத்திருக்கிறார்கள். 'ரோமன் பாட்' என்று பெயர். பாட் என்பது சட்டிதான். ரோமன் என்பது 1970களின் தொடக்கத்தில் ஐ.எஸ்.ஆரில் இதை முதலில் பயன்படுத்திய செர்ன்–ரோம் குழுவின் நினைவு.

சட்டிக்குள் சிலிக்கான் உணர்வி. கற்றையைப் பார்த்த முகத்தில் மட்டும் உலோகத்தைத் தாள் போல மெலிதாக இழைத்திருப்பார்கள். புரோட்டான்களை வளையத்தில் ஏற்றும்போது கற்றை பருமனாக இருக்கும், அடங்காமல் அலையும். அப்போது சட்டி ஒதுங்கி நிற்கும். கற்றை நிலைப்பட்டதும் மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தி, கற்றைக்குச் சில மி.மீ. பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். சாதாரண சிலிக்கான் சில்லுக்கு ஓரத்தில் அரை மி.மீ. அளவுக்கு ஒன்றும் உணராத பகுதி உண்டு. இங்கே அந்த அரை மி.மீ.தானே முக்கியம்! டோட்டம் குழு அதை 50 மைக்ரானாகக் குறைத்தது, என் பழைய முடியை விட மெல்லியது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வழக்கமாக மோதும் இடத்தில் கற்றையை இறுக்கிக் குவிப்பார்கள், மோதல் நிறையக் கிடைக்கும். ஆனால் குவித்தால் ஒவ்வொரு புரோட்டானும் ஒவ்வொரு கோணத்தில் வரும், சின்ன விலகல் அதிலேயே மறைந்துவிடும். எனவே இதற்கென்று தனி நாட்கள் கேட்டு வாங்கி, குவிக்காத, இணையாக ஓடும் கற்றையை விடுகிறார்கள்.

கேள்வி: பொமரான், ஆடரான் என்கிறார்களே, இவை புதுத் துகள்களா?
– ஆசிரியர், விருதுநகர்

பதில்: தனியாகப் பிடித்துக் காட்டக்கூடிய துகள்கள் இல்லை. இரண்டு புரோட்டான்கள் உடையாமல் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் குளூவான் மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். குளூவான் என்பது புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளை ஒட்டிவைக்கும் துகள். இரண்டு குளூவான் சேர்ந்தது பொமரான். ரஷ்ய இயற்பியலாளர் பொமரான்சுக் பெயரால் வந்தது. மூன்று சேர்ந்தது ஆடரான். 1973இலேயே லுகாஷுக், நிகோலெஸ்கு இருவரும் சொன்ன யோசனை. புரோட்டானும் புரோட்டானும் மோதும்போது ஒரு மாதிரியும், புரோட்டானும் அதற்கு எதிர் மின்னூட்டம் கொண்ட எதிர்ப்புரோட்டானும் மோதும்போது வேறு மாதிரியும் ஆடரான் நடந்துகொள்ளும். டோட்டம் அளவுகளையும், அமெரிக்காவின் டெவட்ரான் மோதுவியில் டி-ஜீரோ குழு எடுத்த எதிர்ப்புரோட்டான் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதலாவதில் அந்தப் பள்ளம் தெளிவாக இருக்கிறது. இரண்டாவதில் பள்ளம் இல்லை, வெறும் தோள்பட்டை மாதிரிச் சரிவு. 2021இல் வெளியான அந்தக் கட்டுரை ஆடரானைக் கண்டுவிட்டோம் என்றது. கணக்கு போட்ட விதத்தில் குறை சொல்லும் கோட்பாட்டாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பள்ளத்தையும் தோள்பட்டையையும் ஒரே வரைபடத்தில் பார்த்த பிறகு நான் டோட்டம் கட்சி.