கண்ணாடி மணியை எவ்வளவு மென்மையாக்கலாம்?

கேள்வி: அரை மீட்டர் உயர ஹாப்பரிலிருந்து (புனல் வடிவக் கொள்கலன்) 2 மி.மீ. கண்ணாடி மணிகள் கொட்டுவதை சிமுலேஷன் செய்கிறேன். யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 70 கிகாபாஸ்கல் என்று கொடுத்தால் ஒரு விநாடி ஓட்டத்துக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. சீனியர் 10 மெகாபாஸ்கல் போடச் சொல்கிறார். போடலாமா? - முதுகலை மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: குறைக்கலாம், தப்பில்லை. ஆனால் 10 வரை இறங்க வேண்டாம். 100 மெகாபாஸ்கல் போதும்.

மணியின் மேற்பரப்பில் ஓடும் அதிர்வான ரேலி அலை பரவ எடுக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் உங்கள் டைம் ஸ்டெப், அதாவது சிமுலேஷன் ஒவ்வொரு படியிலும் முன்னேறும் நேரம். 70 கிகாபாஸ்கலுக்கு அந்த நேரம் சுமார் 1 மைக்ரோவிநாடி. அதில் 20% எடுத்தால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 5 மில்லியன் படிகள். குணகத்தை 700 மடங்கு குறைத்து 100 மெகாபாஸ்கல் ஆக்கினால் அலை மெதுவாகி, டைம் ஸ்டெப் அதன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது 26 மடங்கு பெரிதாகும். ஒரு வார வேலை ஆறேழு மணி நேரத்தில் முடியும். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் கோப்பியோடு வந்து பார்க்கலாம்.

அப்புறம் ஏன் 10 கூடாது? மணிகள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு அமுங்குகின்றன என்று பாருங்கள். ஹாப்பரின் அடியில் அழுத்தம் அதிகபட்சம் 7 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். உருண்டைகள் தொடும்போது எவ்வளவு அமுங்கும் என்று சொல்லும் ஹெர்ட்ஸ் சமன்பாட்டில் போட்டால், 10 மெகாபாஸ்கலில் அமுக்கம் ஆரத்தில் 3 சதவீதத்தைத் தொடுகிறது, 100-இல் 0.7 தான். 1 சதவீதத்துக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. அதைத் தாண்டினால் மணிகள் ரப்பர் பந்துபோல நெருங்கி, அடர்த்தி பொய்யாகக் கூடும்.

என் கணக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 50, 100, 500 என மூன்று சிறிய ஓட்டம் ஓட்டுங்கள். கொட்டும் வேகம் மாறாத வரை குறைந்த மதிப்பே போதும். சொல்லப்போனால், அந்த வேகத்தை உராய்வு எண்தான் அதிகம் ஆட்டிவைக்கும். அதை அளக்க நேரம் செலவிடுங்கள்.

ஒட்டும் பொருளென்றால் கதை வேறு. நம் ஊர் ஈரப்பதத்தில் கட்டிதட்டும் கோதுமை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். குணகத்தை மட்டும் குறைத்தால், மோதித் தெறிக்க வேண்டிய துகள்களும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் வலிமையைத் தீர்மானிக்கும் பரப்பு ஆற்றலையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். வெப்பக் கடத்தலிலும் தொடுபரப்பு பெரிதாகி வெப்பம் கூடுதலாகக் கடக்கும். ஒலி அலையையோ, துவாஸ் மாதிரி கடலைத் தூர்த்த நிலத்தில் மணல் சுமையில் அமுங்குவதையோ ஆராய்பவர்கள் விறைப்பில் கைவைக்கவே கூடாது. அவர்கள் தேடும் விடையே அதில்தான் இருக்கிறது.

ஆய்வேட்டில் குறைத்த மதிப்பையும் அந்த மூன்று ஓட்டங்களின் வரைபடத்தையும் போட்டுவிடுங்கள். தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.