எந்தச் சோடா? கேள்வி பதில்

பெயரில் சோடா என்று வரும் எதைப் பற்றியும் கேளுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் வேதிப்பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: சமையல் சோடா, சலவை சோடா, காஸ்டிக் சோடா எல்லாம் ஒரே பொருளின் வீரியம் கூடிய, குறைந்த வகைகள்தானே?

இல்லை. மூன்றிலும் சோடியம் இருக்கிறது, உறவு அதோடு சரி. சமையல் சோடா சோடியம் பைகார்பனேட். கரைசலின் பிஎச் (அமிலமா காரமா, எவ்வளவு என்று காட்டும் எண்) 8-ஐ ஒட்டி நிற்கும். சலவை சோடா சோடியம் கார்பனேட், 11-ஐ ஒட்டி. காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு, 13-ஐத் தாண்டும். பிஎச் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு. முதலாவதைச் சாப்பாட்டில் சேர்க்கலாம், இரண்டாவது தோலில் எரிச்சல் தரும், மூன்றாவது தோலையே கரைக்கும். பெயர் எழுதாத டப்பாவில் எதையும் கொட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: குடிக்கிற சோடாவில் இருப்பது எது?

பெரும்பாலும் மூன்றில் எதுவுமில்லை. அழுத்தம் கொடுத்துக் கரைத்த கார்பன் டை ஆக்சைடுதான். மற்றவை காரம், இது லேசான அமிலம். 1767-ல் ஜோசப் பிரீஸ்ட்லி இப்படி வாயு ஏற்றிய தண்ணீரைத் தயாரித்தார். பிற்பாடு அதில் சோடியம் உப்பும் சேர்த்தார்கள். உப்பு போனபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றா?

இல்லை. பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாவுச்சத்தும் உண்டு. 1 டீஸ்பூன் சோடாவுக்கு ஈடு சுமார் 3 டீஸ்பூன் பவுடர். பழசாகிவிட்டதா என்று பார்க்க, பவுடரில் வெந்நீர் விடுங்கள், சோடாவில் வினிகர். பொங்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (காரம் சேர்த்தால் இழையோடு பிணையும் வகை) போட்டேன். லிட்டருக்கு 20 கிராம் சலவை சோடா என்ற அளவுப்படிதான் சேர்த்தேன். அலசியதும் நிறம் போய்விட்டது.

கண்ணாடிபோல் தெளிந்த கட்டிகளா போட்டீர்கள்? அப்படியென்றால் காரணம் அதுதான். கட்டியின் எடையில் 63 சதவீதம் தண்ணீர், அதனால் சாயம் பிணையத் தேவையான காரம் கிடைத்திருக்காது. அளவுக் குறிப்புகள் பெரும்பாலும் நீரற்ற தூளுக்கு எழுதப்படுபவை. அந்த 20 கிராமுக்குக் கட்டியில் 54 கிராம் வேண்டும். திறந்து வைத்த கட்டி, காற்றில் நீரை இழந்து மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்கப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது. தூளாகவே வாங்குங்கள். தனியாகக் கரைத்து, துணி சாயத்தை இழுத்த பிறகு ஊற்றுங்கள்; நேராகத் துணிமேல் கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

கேள்வி: சமையல் சோடாவைச் சுட்டால் சலவை சோடா ஆகுமாமே?

ஆகும். தட்டில் மெல்லிசாகப் பரப்பி 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். 100 கிராம் 63 கிராமாக இறங்க வேண்டும். எவர்சில்வர் அல்லது ஓவன் கண்ணாடித் தட்டு, அலுமினியம் வேண்டாம்.

குறுக்கே ஒருவர்: தண்ணீரில் கொதிக்கவைத்தாலே மாறும். ஓவன் எதற்கு?

மாறும், ஓரளவுக்கு. எவ்வளவு மாறியது என்று எடை போட வழியில்லையே.

அவரே: பிஎச் தாள் நிறம் மாறிக் காட்டியதே?

பாதி மாறினாலே 10-க்குப் போய்விடும். மீதிப் பாதியும் மாறினால் 11, 11-க்குச் சற்று மேல். தாளில் அந்த நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கண்ணை நம்பிச் சாயம் போட்டால் மேலே எழுதியவர் கதிதான்.

அவரே: எடை குறைந்தது வெறும் ஈரம் போனதாலும் இருக்கலாம்.

நியாயமான சந்தேகம். இன்னும் அரை மணி சுட்டு மறுபடி நிறுங்கள். 63-லேயே நின்றால் முடிந்தது. 80-ல் நின்றால் அடுப்பில் சூடு போதவில்லை.

கேள்வி: குழாய் அடைப்புக்குச் சமையல் சோடாவும் வினிகரும்?

நுரை வரும், அடைப்பு போகாது. ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு, சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான் மிஞ்சும்.

கேள்வி: அப்போ காஸ்டிக்?

கொழுப்பு அடைப்பைக் கரைக்கும். குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக்மேல் தண்ணீர் ஊற்றினால் அங்கேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம். வினிகர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: சோடா சாம்பல் என்பது?

நீரற்ற சலவை சோடா. சாயக் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: சோப்பு செய்ய சோடா எவ்வளவு?

எந்தச் சோடா, எந்த எண்ணெய்? இரண்டும் இல்லாமல் கேட்டால்? கட்டி சோப்புக்குக் காஸ்டிக்தான். ஒவ்வொரு எண்ணெய்க்கும் அளவு வேறு.

கேள்வி: பாத்திரம் கழுவ சோடா போடலாமா?

எந்தச் சோடா? அலுமினியப் பாத்திரமா?

கேள்வி: சோடா லைம் வாங்கிக் கண்ணாடி உருக்க முடியுமா?

நல்ல கேள்வி. சோடா லைம் கண்ணாடி வேறு, சோடா லைம் வேறு. கண்ணாடிக்கு மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல். மணல் தனியாக உருக 1,700 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சோடா அதை இறக்கும். சோடா மட்டும் சேர்த்தால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும், அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. கடையில் சோடா லைம் என்று வருவது பெரும்பாலும் நீற்றிய சுண்ணாம்பு, கொஞ்சம் காஸ்டிக். மயக்க மருந்துக் கருவியில் நோயாளி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சும். தீர்ந்தால் அதில் கலந்திருக்கும் சாயம் நிறம் மாறும். சற்று நேரம் சும்மா இருந்தால் பழைய நிறமே திரும்பக்கூடும். அதைப் பார்த்து இன்னும் உழைக்கும் என்று நினைக்கக் கூடாது, நிறம் மாறியபோதே மாற்றிவிட வேண்டும்.