பி.எஃப். பணம் ரோட்டுக்குப் போகட்டும், உங்கள் சர்வீஸ் எங்கே போகிறது?

கேள்வி: வயது 42. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2019ல் சேர்ந்தபோது பி.எஃப். பிடிக்கிற சம்பளம் 13,500 ரூபாய், இப்போது 19,000. இதற்கு முன்னால் மூன்று கம்பெனி மாறி, ஒவ்வொரு தடவையும் பி.எஃப்.பை முடித்து வாங்கிவிட்டேன். தீபாவளி போனஸ் வாங்கியதும் அவிநாசியில் வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நம்ம பி.எஃப். பணத்தை ரோடு, கரண்ட் லைன் என்று போடுகிறார்களாம். இந்தத் தடவையும் மொத்தமாக எடுத்துவிடட்டுமா? சீட்டு எடுத்த 4 லட்சம் கையில் இருக்கிறது. ரோடு, கரண்ட் லைன் வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பங்கிடும் 'இன்விட்'டில் போட்டால் 12 சதவீதம் உறுதி என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். ரோடு பற்றிய பயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதைவிடப் பெரிய நட்டம் உங்கள் பழக்கத்தில் இருக்கிறது.

கம்பெனி உங்களுக்காகக் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இ.பி.எஸ். என்கிற ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. உச்சவரம்பு 15,000 ரூபாய் சம்பளம் என்பதால் மாதம் 1,250க்கு மேல் போகாது. ஓய்வூதியம் கணக்கிடுவது, சராசரி சம்பளத்தைச் சர்வீஸ் வருசத்தால் பெருக்கி 70ஆல் வகுத்து. 10 வருசம் இல்லையென்றால் மாத ஓய்வூதியமே கிடையாது. 20 வருசம் முடித்தால் 2 வருசம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். கையிலுள்ள 6 வருசத்தைக் கலைக்காமல் 58 வரை போனால் 22 வருசம், கூடுதல் 2 சேர்த்து 24. அப்படியானால் 15,000 × 24 ÷ 70, மாதம் 5,142 ரூபாய். ஓய்வூதியப் பணத்தை இப்போதே 10சி படிவம் போட்டு எடுத்தால் சுமார் 91,000 ரூபாய் வரும். அதோடு உங்கள் சர்வீஸ் பூஜ்யம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு புதிதாகச் சேருகிறவரின் பி.எஃப். சம்பளம் 15,000க்கு மேல் இருந்தால் அவர் இ.பி.எஸ்.ஸில் சேரவே முடியாது. நீங்கள் 13,500ல் சேர்ந்ததால் உள்ளே இருக்கிறீர்கள். சம்பளம் பின்னால் கூடினாலும் உறுப்பினர் உரிமை போகாது. ஆனால் எடுத்து முடித்துவிட்டு 19,000க்குப் புதுக் கம்பெனியில் சேர்ந்தால், கதவு சாத்திவிடும். அந்த 1,250 ரூபாய் பி.எஃப். கணக்குக்கே போகும் என்பதால் பணம் முழுக்க நட்டமில்லை. 91,000த்தையும் அதையும் 16 வருசம் தொடாமல் வைத்திருந்தால் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் முன்பு மூன்று தடவை எடுத்த பணம் இன்று எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தவிர, உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் மனைவிக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் வரும் ஓய்வூதியமும் இதோடு சேர்ந்தது.

ஆகவே, கம்பெனி மாறினால் பழைய யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுங்கள். புது எண் போட விடாதீர்கள். பழைய கம்பெனி, வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்ததா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு, படிவம் 13 வழியாகக் கணக்கை மாற்றுங்கள். மாற்றல் நிற்பது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் ஒருவிதமாகவும் பி.எஃப்.பில் வேறுவிதமாகவும் இருக்கும், பிறந்த தேதி ஒத்துப்போகாது. விலகும் முன்பே இதைத் திருத்துங்கள். விலகிய பிறகு ஆபீஸில் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். நடுவில் வேலை இல்லாமல் இருக்க நேர்ந்தாலும், அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' கேளுங்கள், சர்வீஸ் காப்பாற்றப்படும். ஓய்வூதியப் பணத்தை எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக்க 2025 அக்டோபரில் பி.எஃப். வாரியம் முடிவெடுத்ததன் காரணமும் இப்படி எடுத்து எடுத்தே ஓய்வூதியம் இழந்தவர்கள்தான்.

இனி ரோடு. பி.எஃப். நிதியில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கம்பெனிக் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. இன்விட் அடங்கிய பிரிவுக்கு முதலீட்டு விதியில் 5 சதவீதம்தான் உச்சம். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 2018ல் ரோடு, மின்சாரத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் கவிழ்ந்தபோது, அதன் பத்திரங்களுக்கு அதுவரை முதல்தரச் சான்று இருந்தது, பல பி.எஃப். அறக்கட்டளைகள் மாட்டிக்கொண்டன. அப்படி நடந்தால் ஆண்டு வட்டி குறையலாம். இ.பி.எஸ். சூத்திரம் மாறாது. அந்தச் சூத்திரத்தில் உண்மையான சிக்கல் வேறு: 15,000 வரம்பும் 1,000 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியமும் 2014லிருந்து அப்படியே நிற்கின்றன, விலைவாசிக்கேற்ற உயர்வும் இல்லை. சங்கங்கள் 7,500 கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் கோபம் அங்கே போகட்டும்.

ஏஜென்ட் சொன்ன 12 சதவீதத்தில் 'உறுதி' என்ற சொல்லே பொய். இன்விட், கையில் வரும் பணத்தில் 90 சதவீதத்தைப் பங்கிட்டாக வேண்டும், ஆனால் இவ்வளவு வரும் என்று யாரும் வாக்குத் தருவதில்லை. சுங்கச்சாவடி ஒப்பந்தம் முடிந்தால் ரோடு அரசுக்கே திரும்பிவிடும். வருகிற பணத்தில் ஒரு பகுதி உங்கள் முதலே கரைந்து வருவது. மாட்டை விற்ற காசையும் பால் காசு என்று கணக்கில் எழுதக்கூடாது. பவர்கிரிட் இன்விட் 2021 மே மாதம் 100 ரூபாய்க்கு வெளியானது. ஆண்டுக்கு 12 ரூபாய் கொடுத்தது உண்மை, 2024ல் அதன் விலை 100க்குக் கீழே இருந்ததும் உண்மை. நம்ம ஓமலூர்–சேலம்–நாமக்கல் ரோட்டையும் வைத்திருந்த ஐ.ஆர்.பி. இன்விட் 2017ல் 102 ரூபாய்க்கு வந்து, 2020ல் பாதிக்கும் கீழே போனது.

கனடாவின் இரண்டு ஓய்வூதிய நிதிகள் 2021ல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இன்விட்டில் ஆளுக்கு 25 சதவீதம் வாங்கின. அவர்களிடம் போக்குவரத்தை எண்ணிக் கணக்குப்போட ஆளிருக்கிறது, இருபது முப்பது வருசம் காத்திருக்கவும் முடியும். உங்களுக்கு மகள் கல்யாணம் என்றால் அன்றைய விலைக்கு விற்றாக வேண்டும்.

4 லட்சத்தில் ஆறு மாத வீட்டுச் செலவை வங்கி வைப்பில் வையுங்கள். இன்விட் ஆசை இருந்தால் 40,000க்கு மேல் வேண்டாம். மீதியை வைத்துக்கொண்டு, சம்பளத்தில் வி.பி.எஃப். (நாமே விரும்பிக் கூடுதலாகக் கட்டும் பி.எஃப்.) என்று மாதம் 5,000 பிடிக்கச் சொல்லுங்கள். குறைகிற கைச்சம்பளத்தை மாதாமாதம் அதிலிருந்து ஈடுகட்டலாம். 2024-25க்கான பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், இதற்கு ஈடான பாதுகாப்பான இடம் உங்களுக்கு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புதுக் கம்பெனிக்கு வாக்குக் கொடுக்கும் முன் பாஸ்புக்கைத் திறந்து, 2019லிருந்து ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியப் பத்தியில் பணம் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். விடுபட்ட மாதம் இருந்தால், இப்போதைய கம்பெனியில் இருக்கும்போதே கேளுங்கள்.