எச்.ஐ.வி. இருக்கும் என் அண்ணனுக்கு வைரஸ் அளவு ஏறியிருக்கிறது. மராவிராக் என்ற மருந்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அண்ணனின் வைரஸ் அளவு ஏறியதற்கு மருந்து பழசானது காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முழங்கால் வலிக்கு காரைக்குடியில் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அதன் மேல்தான். அவர் எடுக்கும் கூட்டு மாத்திரையில் டொலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் கால்சியமோ இரும்புச்சத்தோ சேர்ந்தால் டொலுடெகிராவிர் உடம்பில் சரியாக ஏறாது. கல்யாண விருந்து முடிந்து குடிக்கும் அமிலமுறிவு டானிக்கும் அப்படித்தான். உள்ளூர் டாக்டரிடம் எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்ல நம் பக்கம் கூச்சம். அதில்தான் இந்த வம்பு வருகிறது.

ஒரு வாரம் எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள், விட்டுப்போன நாட்களையும் சேர்த்து. கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ டொலுடெகிராவிர் எடுக்கலாம். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். டானிக்குக்கு அந்தச் சலுகை கிடையாது, இடைவெளி கட்டாயம். அப்புறம் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் அந்தத் தாளைக் காட்டி, மறுபடி வைரஸ் அளவு எப்போது பார்ப்பது என்று கேளுங்கள்.

மராவிராக் 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. செல்லின் மேலுள்ள சி.சி.ஆர்.5 என்ற ஏற்பியை அடைத்து வைரஸை வாசலிலேயே நிறுத்தும். ஆனால் சில வைரஸ்கள் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற இன்னொரு வாசலால் நுழையும்; அங்கே இது பலிக்காது. அதனால் எந்த வாசல் என்று தனிப் பரிசோதனை செய்யாமல் தரமாட்டார்கள்.

அளவு மறுபடியும் இறங்காவிட்டால் வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனை பற்றி மையத்தில் பேசுங்கள். அதுவரை ஒரு நாள்கூட மருந்தை நிறுத்த வேண்டாம்.